பீரோவுக்கு அந்தப் பக்கம்

போன மாதம் டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. புளியோதரைப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு மாப்பிள்ளை, நல்ல பையன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். “ஆன்ட்டி, எய்ட்டீஸ்லயே நியூ ஜெர்சியில ப்ரோக்ராமரா இருந்தீங்களாமே? என்ன ஒர்க் பண்ணீங்க?” என்று கேட்டான்.

“ஆப்ஜெக்டைப் பைட்டா மாத்தி போன் லைன்ல அனுப்புவோம்ப்பா. அந்தப் பக்கம் பைட்டைத் திரும்ப ஆப்ஜெக்டா மாத்துவாங்க.”

“அது ஒரே லைன் கோடுதானே ஆன்ட்டி?”

“அந்த ஒரு லைனுக்குத்தான் எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் குடுத்தாங்க” என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்போது அது நிஜமாகவே ஒரே லைன்தான். ஆனால் பிளானோவில் இருக்கும் என் வீட்டுக்குக் கார் ஓட்டித் திரும்பும்போது டெனிஸ் ஞாபகம் வந்துவிட்டாள். டெனிஸ் ஏழு வயதுப் பெண். ஒரு டிசம்பர் மத்தியானம் எங்கள் ப்ரோக்ராம் அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அவளைத் திரும்பப் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுதிவைக்கவேண்டும் என்று தோன்றியது.

என் படிப்புக் கதை சின்னது. திருச்சியில் கணக்கு படித்தேன். கல்யாணமாகி ஜெர்சி சிட்டிக்கு வந்தேன். அங்கே மாலை வகுப்பில் ப்ரோக்ராமிங் கற்றுக்கொண்டேன். ஒரு பேக்கரிக்கு மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூட பஸ்களுக்கு ப்ரோக்ராம் எழுதும் கம்பெனி. கீழே இருந்து நாள் முழுக்க வெண்ணெய் வாசனை வரும், பசியில் வேலையே ஓடாது.

முதல் நாள் என் மேஜையில் ‘மிஸஸ் வெங்கடேசன்’ என்று பலகை வைத்திருந்தார்கள். வெங்கடேசன் என் அப்பா. மிஸஸ் வெங்கடேசன் திருச்சியில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருக்கும் என் அம்மா. இதைச் சொன்னதும் எங்கள் மேனேஜர் ரோஸ்மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், நான் வி. ஜெயந்தி என்று விளக்கினேன். “உன் அம்மாவை வேலைக்கு எடுத்ததா கணக்கு எழுதிடப் போறாங்க ஹனி” என்று சொல்லி அன்றைக்கே பலகையை மாற்றச் சொன்னார்.

ரோஸ்மேரிக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அந்த ஊர்க்காரர். சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஒரு கைப்பை, அதற்குள் எப்போதும் பட்டர்ஸ்காட்ச் மிட்டாய். எல்லாரையும் ஹனி என்பார். கோபம் வந்தால் மட்டும் ஹனி நின்றுபோகும். ப்ரோக்ராமையே சின்னச் சின்ன ஆப்ஜெக்டுகளாக, குழந்தை ஒன்று, ஸ்டாப் ஒன்று, பஸ் ஒன்று என்று எழுதும் முறை அப்போது புதிது. பெரிய கம்பெனிகளே யோசித்துக்கொண்டிருந்தன. இவர் துணிந்து இறங்கிவிட்டார்.

எங்கள் ஆபீசின் நடுவில் ஆளுயர இரும்பு பீரோ ஒன்று நின்றது. அதற்கு இந்தப் பக்கம் என் மேஜை, அந்தப் பக்கம் அருள் மேஜை. அருள் யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரக் குடும்பம், முழுப்பெயர் எஸ். அருளானந்தம். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அதனால் வந்த அன்றே என்னை அக்கா ஆக்கிவிட்டார். ரோஸ்மேரி போட்ட சட்டம் இதுதான்: ஆப்ஜெக்டைப் பைட்டாக, அதாவது போன் லைனில் போகக்கூடிய எண் வரிசையாகக் கட்டுகிற கோடை எழுதுவது நான். பைட்டைப் பிரித்து ஆப்ஜெக்டாக எழுப்புகிற கோடை எழுதுவது அருள். வேலை நேரத்தில் இருவரும் கோடைப் பற்றிப் பேசக்கூடாது. எந்தப் பைட்டுக்கு அப்புறம் எந்தப் பைட் என்று டைப் அடித்த ஒரே ஒரு தாள்தான் எங்களுக்குப் பொது.

“பேசினா வாயால ஒட்டுப்போட்டுடுவீங்க. போன் லைனுக்கு வாய் கிடையாது” என்பார் ரோஸ்மேரி.

எனக்கு இதெல்லாம் விளங்குவதற்கு ஒரு மர ரயில் தேவைப்பட்டது. சேர்ந்த முதல் வாரம், என் மேஜையில் ஒரு பொம்மை ரயிலை வைத்தார் ரோஸ்மேரி. எஞ்சின், மூன்று பெட்டிகள், சின்ன மர ஆட்கள். அருளிடம் அதே ரயில், கழற்றிய நிலையில். ரயிலைச் சின்னச் சீட்டுகளில் பாகம் பாகமாக எழுதி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் தள்ளவேண்டும். அவர் அதைப் பார்த்து அதே ரயிலைக் கட்டவேண்டும். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி லாரியில் ஏற்றுவோமே, அந்த வேலைதான். ஆனால் இறக்குகிறவன் அந்தக் கட்டிலைக் கண்ணால் பார்த்தவன் இல்லை.

நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எஞ்சின், அது எந்தப் பெட்டியோடு மாட்டியிருக்கிறது என்று எழுதினேன். பெட்டி எதோடு மாட்டியிருக்கிறது? எஞ்சினோடு. சரி, எஞ்சினை எழுதினேன். எஞ்சின் எதோடு? பெட்டியோடு. பெட்டியை எழுதினேன். கட்டுக் கட்டாகச் சீட்டு தீர்ந்த பிறகுதான் செக்குமாடு மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து பரிதாபமாக ஒரு குரல் வந்தது.

“அக்கா, இது எத்தினை எஞ்சின்? என்னட்ட ஒண்டுதான் கிடக்குது.”

“பேசக்கூடாது” என்றார் ரோஸ்மேரி. அவருக்குத் தமிழ் தெரியாது, குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அதற்கு வழி இருந்தது. ஒரு பொருளை முதல்முறை எழுதும்போது அதற்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். மறுபடி அது வந்தால் முழுதாக எழுதாமல் அந்த எண்ணை மட்டும் எழுதவேண்டும். அப்போது எஞ்சின் ஒன்றாகவே போய் ஒன்றாகவே சேரும். சாயங்காலம் ரயில் சரியாக எழும்பியதும் அருள் பீரோவை விரலால் தட்டி, “வந்து சேர்ந்திட்டுது” என்றார். அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவை அவர் பக்கம் சரியாக வரும்போதும் இரும்பில் ஒரு தட்டு, “வந்து சேர்ந்திட்டுது, அக்கா.” அந்தத் தட்டுக்காகவே வேலை செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். என் வீட்டுக்காரருக்கே இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

வராத நாளும் உண்டு. ஓர் எண்ணுக்கு இரண்டு பைட்; என் மெஷின் சின்ன பைட்டை முதலில் எழுதும், அருளின் மெஷின் முதலில் வருவதைப் பெரிய பைட் என்று படிக்கும். “அக்கா, உங்கட ஒண்டு எனக்கு இருநூற்றைம்பத்தாறா வருது” என்று லஞ்ச் வேளையில் புலம்பினார். ஒன்றாம் எண் வீட்டுக் குழந்தையை அவர் பஸ் எங்கேயோ கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தது. தாளில் பைட் வரிசையையும் எழுதிச் சேர்த்தோம், சரியாகிவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்று எங்கள் ப்ரோக்ராமை வாங்கியது. பள்ளி ஆபீசில் குழந்தைகளின் விவரத்தை டைப் செய்வார்கள். என் கோடு அதைப் பைட்டாகக் கட்டி போன் வழியாக பஸ் டிப்போவுக்கு அனுப்பும். அங்கே அருளின் கோடு அதைப் பிரித்து, டிரைவர்களுக்கு ஆளுக்கொரு தாள் அச்சடித்துக் கொடுக்கும். யார் யார், எந்த ஸ்டாப். டிரைவர் அதைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்.

சீக்கிரமே ஒரு தொல்லை முளைத்தது. பேச்சுப் பயிற்சி, வயலின் என்று தனி வகுப்புக்குப் போகிற பிள்ளைகளைப் பள்ளியில் இரண்டு தடவை டைப் செய்தார்கள். ஒரே பிள்ளை இரண்டு ஆப்ஜெக்ட் ஆகிவிடும். டிரைவர் தாளில் ஒரே பெயர் இரண்டு முறை வரும், இல்லாத பிள்ளையைத் தேடிக்கொண்டு அவர்கள் நிற்பார்கள். இதற்கு ரோஸ்மேரி ஒரு தடவை எங்கள் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச அனுமதித்தார்.

“இனிஷியல், பேர், வீடு, கிளாஸ், இந்த நாலும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்தானே அருள்? ஒரே நம்பர் போட்டு அனுப்பிடறேன்” என்றேன்.

“ஓம் அக்கா, வேற ஆரா இருக்கேலும்? நானும் என்ர பக்கத்தில செக் பண்ணுறன். நாலும் ஒண்டா ரெண்டு பேர் வந்தா பிழை எண்டு நிப்பாட்டிவிடுறன்.”

முழுப்பெயர் வைத்துக்கொண்டால் போன் லைன் தாங்காது. அதனால் முதல் எழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். புது விதியை எங்கள் பொதுத் தாளில் ஏற்றினோம். இரண்டு பக்கமும் ஓடியது, அருள் பீரோவைத் தட்டினார். டிரைவர்கள் புகார் நின்றது. நாங்கள் கீழே பேக்கரியில் ஆளுக்கொரு சீஸ் டேனிஷ் வாங்கிக் கொண்டாடினோம்.

பிறகு டிசம்பர் வந்தது. ஒரு மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பஸ்ஸின் வழக்கமான டிரைவர் விடுப்பு எடுத்துக்கொள்ள, புது ஆள் வந்திருக்கிறார். தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறார். “டி. ஹாலோவே.” ஒரு பெண் கைதூக்கி ஏறிக்கொண்டாள். பின்னாலேயே இன்னொரு பெண், டெனிஸ் ஹாலோவே, ஏறப் பார்த்திருக்கிறாள். டிரைவர் தாளைக் காட்டி, நீ இதில் இல்லையே கண்ணு, உன் பஸ் வேறயா இருக்கும், போய்ப் பார் என்று இறக்கிவிட்டார். மற்ற பஸ்கள் எல்லாம் போய்விட்டன. குழந்தை பனியில் வாசலிலேயே நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். லைப்ரரி அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்து உள்ளே அழைத்துப்போய் அவள் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். காதும் மூக்கும் சிவந்ததோடு போயிற்று. ஆனால் மறுநாளிலிருந்து டெனிஸ் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். பஸ்ஸைக் கண்டாலே அழுகிறாள் என்று அவள் அம்மா சொன்னார்.

பள்ளியிலிருந்து வந்த போனை ரோஸ்மேரிதான் எடுத்தார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, “ஜெயந்தி. அருள். உள்ளே வாங்க” என்றார். ஹனி இல்லை.

என் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது, அவளும் மஞ்சள் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். காரணம் தெரியும்வரை எங்கள் ப்ரோக்ராம் அச்சடிக்கும் தாளை நம்பக்கூடாது, பழையபடி கையாலேயே எழுதிக்கொள்ளட்டும் என்று ரோஸ்மேரி டிப்போவுக்குச் சொல்லிவிட்டார். டிரைவர் மேல் தப்பு இல்லை. தாளில் ஒரே ஒரு டி. ஹாலோவேதான் இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கோடை வரிவரியாகப் படித்தேன். எங்கள் பொதுத் தாளில் சொன்னபடி எல்லாம் இருந்தது. அருள் தன் கோடைப் படித்தார். அவருடையதும் அப்படியே இருந்தது. மர ரயிலைக்கூடத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். நான் அனுப்பியது அப்படியே போய்ச் சேருகிறது. பள்ளியில் கேட்டால், அதே வகுப்பில் அதே வீட்டிலிருந்து டெப்ரா ஹாலோவே என்று ஒரு பெண்ணும் இருக்கிறாள், இரட்டையர் என்றார்கள். அதைக் கேட்டும்கூட எங்கள் மண்டையில் ஏறவில்லை. டெனிஸ் எங்கேயோ வழியில் தொலைந்துபோகிறாள் என்றுதான் போன் லைனையும் மோடத்தையும் குடைந்துகொண்டிருந்தோம்.

“எனக்கு அந்தப் பிள்ளையின்ர முகமே தெரியாது அக்கா. ஆனா சாப்பாடு இறங்குதில்லை” என்றார் அருள். எனக்கும் இறங்கவில்லை. கீழேயிருந்து வந்த வெண்ணெய் வாசனையே குமட்டியது.

மூன்றாம் நாள் காலை ரோஸ்மேரி அருளை எழுந்திருக்கச் சொன்னார். “இன்னிக்கு அந்தப் பக்கம் நான் உட்காரறேன்” என்று அவர் நாற்காலியில் கைப்பையோடு உட்கார்ந்தார். சோதித்துப் பார்க்கப் புதிதாகப் பிள்ளைகள் வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்து விளையாட எனக்குத் தைரியம் இல்லை, என் வீட்டையே பஸ்ஸில் ஏற்று என்றார். அவர் சின்ன வயதில் ஐந்து அக்கா தங்கைகள் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். சொல்லச் சொல்ல டைப் செய்தேன். ரோஸ்மேரி. ரீட்டா. ரெஜினா. ரூத். ரேச்சல். எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே வீடு. வகுப்புக்கு எல்லாருக்கும் இரண்டு என்றே போடச் சொன்னார், சீக்கிரம் முடியட்டும் என்று.

அனுப்பினேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் பிரின்ட்டர் ஓடி நின்றது. தட்டு வரவில்லை.

“என் தங்கச்சிங்க எங்கே?” என்றார் ரோஸ்மேரி.

அருள் எட்டிப் பார்த்தார், நானும் ஓடினேன். தாளில் ஒரே ஒரு வரி. ஆர். என்ற எழுத்து, அவர் குடும்பப் பெயர், அவர் வீடு.

“எங்கம்மாவுக்கு ஆர் எழுத்து மேல பைத்தியம். அதுக்காக அஞ்சு பேரை ஒருத்தியா ஆக்கிட்டீங்களே. யாரு சொன்னா இது ஒரே ஆள்னு?”

“இனிஷியலும் பேரும் ஒண்ணா இருக்கே...” என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கு உறைத்துவிட்டது. அருள் என்னைப் பார்த்தார், நான் அருளைப் பார்த்தேன்.

எங்களுக்கு இனிஷியல் என்றால் அப்பா. அதற்குப் பின்னால் வருவதுதான் ஆள். ஒரே அப்பாவுக்கு ஒரே வீட்டில் இரண்டு ஜெயந்தி இருக்கமுடியுமா? எந்தத் தகப்பன் இரண்டு மகன்களுக்கு அருளானந்தம் என்று பெயர் வைப்பான்? அதனால் இனிஷியலும் பெயரும் ஒன்றானால் ஆளும் ஒன்று. திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் அது சரி. இந்த ஊரில் எல்லாம் தலைகீழ். முதல் எழுத்துதான் பிள்ளை, பின்னால் வருவது குடும்பம் முழுவதற்குமே பொது. இத்தனைக்கும் மிஸஸ் வெங்கடேசன் பலகையை வைத்து முதல் நாளே சிரித்தவர்கள் நாங்கள். டெனிஸ் வழியில் தொலையவே இல்லை. கிளம்பும்போதே அவளை நான் டெப்ராவுக்குள் போட்டுக் கட்டிவிட்டேன். இரண்டு பேர் ஒன்றாக வந்தால் பிழை என்று நிறுத்தவேண்டிய அருளின் கோடு, ஒருத்தி மட்டுமே வந்ததைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறது. அத்தனை வாரமும் பழைய டிரைவருக்குப் பிள்ளைகள் பழக்கம் என்பதால் தாளைப் பார்க்காமலே இருவரையும் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அழுதுவிட்டேன். ரோஸ்மேரி கைப்பையைத் துழாவி ஒரு பட்டர்ஸ்காட்ச்சை என் கையில் வைத்து அழுத்தினார். “அழாதே ஹனி” என்றார். அந்த ஹனியைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர்கள் கூடியபோது எங்களையும் கூட்டிப்போனார். இதை யார் எழுதியது என்று ஒருவர் எழுந்து கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன், ரோஸ்மேரி என் தோளில் கை வைத்து உட்காரவைத்தார்.

“ரெண்டு பேரும் ஒருத்தர் தப்பை ஒருத்தர் பிடிக்கணும்னுதான் நடுவில சுவர் வச்சேன். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீட்டில வளர்ந்தவங்களை உட்கார வச்சுட்டேன். அவங்களுக்குச் சொல்லாமலே தெரிஞ்ச விஷயத்தை எந்தத் தாளும் பிடிக்கலை. அது என் வேலை, என் தப்பு” என்றார். நான் அதற்குப் பிறகு எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்துவிட்டேன், ஆனானப்பட்டவர்களை எல்லாம். அப்படி எழுந்து நின்றவரை இன்னொரு தடவை பார்க்கவில்லை.

ப்ரோக்ராமை மாற்றுவது பெரிய வேலை இல்லை. முழுப்பெயர் வைத்தோம், போன் லைன் கொஞ்சம் கூடுதலாக முனகியது, முனகட்டும் என்று விட்டோம். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போதே ஓர் எண் கொடுக்கச் செய்தோம். ஆள் யார் என்பதை எண் சொல்லும், நாங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. டிப்போவில் தாளை மறுபடி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். டெனிஸ் பஸ்ஸில் ஏறுவாளா என்பதுதான் பாக்கி.

அவள் அம்மா ஒரு நாள் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். அன்று மத்தியானம் நானும் ரோஸ்மேரியும் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். அருளை ஹாலோவே வீட்டு ஸ்டாப்புக்கு அனுப்பினார் ரோஸ்மேரி. “நீ உன் பக்கம் போய் நில்லு” என்றார்.

பழைய டிரைவர் தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி நின்றார். “டெப்ரா ஹாலோவே.” சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஏறினாள். “டெனிஸ் ஹாலோவே.”

அதே சிவப்புத் தொப்பியில் இன்னொரு பெண் நான்கு அடி தள்ளியே நின்றாள். டிரைவர் திரும்பக் கூப்பிடவில்லை, பொறுமையாக நின்றார். அவள் மெதுவாகக் கிட்டே வந்து, “நான் பேப்பர்ல இருக்கேனா?” என்று கேட்டாள்.

அவர் குனிந்து தாளைத் திருப்பிக் காட்டினார். டெனிஸ் கையுறையைக் கழற்றி, விரல் வைத்து எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்தாள். பிறகு மேல் வரியில் இருந்த அக்கா பெயரையும் படித்தாள். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ரோஸ்மேரி என் பக்கம் திரும்பவே இல்லை, கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

பஸ் போன பிறகு நாங்கள் பள்ளி ஆபீசில் போன் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்கு அந்த ஊரின் ஒவ்வொரு ஸ்டாப்பும் மனப்பாடம். இப்போது இந்தத் திருப்பம், இப்போது அந்தச் சிக்னல் என்று மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரோஸ்மேரி எடுக்காமல் என்னை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

அருள் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து பேசினார். பின்னால் இரண்டு குழந்தைகள் எதற்கோ சண்டை போடும் சத்தம் கேட்டது. அவர் ரிசீவரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“ரெண்டு பேரும் வந்து சேர்ந்திட்டினம், அக்கா.”